அஃபேசியா: பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் வரலாறு

தாத்தாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு. வலது கை, வலது கால், அப்புறம் பேச்சு. கால் நாலு மாதத்தில் ஓரளவு வந்துவிட்டது. தாமானிலிருந்து கோப்பிக்கடை வரை கைத்தடியோடு நடக்க ஆரம்பித்தார். பேச்சு மட்டும் வரவில்லை. முப்பது வருடம் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர், கோயில் கமிட்டியில் செயலாளராக இருந்தவர், வாய் ஓயாத மனுஷன். மிஞ்சியது நாலைந்து சொற்கள். 'ஆமா', 'சாமி', எதற்கும் ஒத்துவராத நேரத்தில் 'சுடா' என்ற மலாய்ச் சொல், அப்புறம் ஒரு கெட்ட வார்த்தை. அது மட்டும் மணி அடித்த மாதிரி சுத்தமாக வரும்.

கோப்பிக்கடையில் அவருக்கென்று ஒரு மேசை இருந்தது. முதல் வாரம் கூட்டாளிகள் எல்லாரும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். காது கேட்காதவரிடம் பேசுவதுபோல சத்தமாகப் பேசினார்கள். இரண்டாவது வாரம் அவரை விட்டுவிட்டு என்னிடம் பேசினார்கள். "தாத்தா சாப்புடுறாரா? தூங்குறாரா?" அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாவது மாதத்தில் மேசையில் நானும் அவரும் மட்டும்தான். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்காக இருபது விநாடி சும்மா காத்திருப்பது எவ்வளவு சிரமம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

நான் மட்டும் என்ன செய்தேன்? அவருக்காக நானே பதில் சொன்னேன். அவருக்காக நானே ஆர்டர் செய்தேன், கோப்பி ஓ கோசோங், சர்க்கரை இல்லாமல். ஓ.கே.யூ. அட்டைக்காக ஒரு அலுவலகத்துக்குப் போனபோது, முகப்பில் இருந்தவர் தாத்தாவைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார், "அவருக்கு வெளங்குமா?" நான் "கொஞ்சம் கொஞ்சம்" என்றேன். தாத்தா அன்று காரில் ஏறியதும் அந்தக் கெட்ட வார்த்தையைச் சொன்னார். என்னைப் பார்த்துத்தான்.

அதற்குப் பிறகுதான் இந்த நோயின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் சிவில் எஞ்சினியர், டாக்டர் இல்லை. படித்தவரைக்கும் எனக்குத் தெரிந்தது, அஃபேசியாவுக்கு இரண்டு வரலாறு இருக்கிறது என்பது. ஒன்று மூளையின் வரலாறு. அது எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. இன்னொன்று, பேச்சு போனவர் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்கிற வரலாறு. அதைத் துண்டு துண்டாகப் பொறுக்கித்தான் சேர்க்க வேண்டியிருந்தது.

முதலில் ஒரு விஷயம். அஃபேசியா வாயின் நோய் அல்ல. நாக்கும் தொண்டையும் நன்றாகவே இருக்கலாம். மூளையில் மொழியைக் கையாளும் பகுதி, பெரும்பாலானவர்களுக்கு இடது பக்கம், அடிபடும்போது சொல்லைத் தேடி எடுப்பது, வாக்கியமாகக் கோர்ப்பது, கேட்டதைப் பிரித்துப் புரிந்துகொள்வது எல்லாம் ஆளுக்கு ஒரு அளவில் பழுதாகிறது. எழுத்தும் வாசிப்பும்கூட. "பேச முடியலன்னா எழுதிக் காட்டச் சொல்லேன்" என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது எரிச்சலாக இருந்தது. எழுத்தும் அதே கிடங்கிலிருந்துதானே வரவேண்டும்! ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. அறிவு போவதில்லை, நினைவும் ஆசையும் கோபமும் போவதில்லை. அவை வெளியே வரும் வாசல்தான் அடைபடுகிறது.

பாடநூல் வரலாறு 1861-இல் பாரிஸுக்குப் பக்கத்தில் பிசேத்ர் மருத்துவமனையில் தொடங்குகிறது. அங்கே லெபோர்ன் என்று ஒருவர். செருப்புத் தைப்பதற்கான மர அச்சு செய்யும் தொழிலாளி. சின்ன வயதிலிருந்தே வலிப்பு நோய். முப்பது வயது வாக்கில் பேச்சு போய், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். எதைக் கேட்டாலும் 'டான், டான்' என்றுதான் சொல்வார். அதனால் அவருக்குப் பெயரே டான் ஆகிவிட்டது. அங்கேயே 21 வருடம் இருந்தார். கடைசியில் கால் அழுகிப்போய் அறுவைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டபோதுதான் பால் புரோக்கா அவரைப் பார்த்தார். ஒரு வாரத்துக்குள், ஏப்ரல் 17-ஆம் தேதி, லெபோர்ன் இறந்தார். மறுநாளே புரோக்கா அந்த மூளையை மானிடவியல் சங்கத்தின் கூட்டத்துக்கு எடுத்துப் போனார். இடது முன்பக்கத்தில் ஒரு பழுது. மொழிக்கு மூளையில் இடம் இருக்கிறது என்ற வாதத்துக்கு அது பெரிய சான்றானது. அந்த மூளை இன்றும் பாரிஸில் பத்திரமாக இருக்கிறது.

அந்த மூளை பற்றி ஆயிரம் பக்கம் எழுதியிருக்கிறார்கள். எனக்கு மனதில் நின்றது புரோக்கா தன் அறிக்கையில் போகிற போக்கில் எழுதிய சில குறிப்புகள். எத்தனை வருடமாக இங்கே இருக்கிறாய் என்று அவர் கேட்கிறார். லெபோர்ன் இடது கையை நாலு முறை விரித்துக் காட்டி, பிறகு ஒரு விரலை நீட்டுகிறார். 21. சரியான பதில். மறுநாளும் கேட்கிறார், அதே பதில். மூன்றாவது முறை கேட்கும்போது, இந்த ஆள் நம்மைச் சோதிக்கிறான் என்று லெபோர்னுக்குப் புரிந்துவிடுகிறது. கோபம் வந்து, அவரிடம் மிஞ்சியிருந்த இன்னொரு வாசகத்தை, கடவுள் பெயரைச் சொல்லித் திட்டும் ஒரு வசவை, வீசுகிறார். இதைப் படித்தபோது நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டு ஆள்தான் இவர்.

இன்னொரு குறிப்பு. அந்த வார்டில் உடன் இருந்தவர்களுக்கு லெபோர்னைப் பிடிக்காது. சுயநலக்காரன், பழிவாங்குபவன் என்றார்கள், திருடன் என்றுகூடச் சொன்னார்கள். 21 வருடம் மனிதர்களுக்கு நடுவில் இருந்தும் அவருக்கு ஒரு கூட்டாளி இல்லை. அவருடைய முழுப் பெயரும் பிறந்த ஊரும்கூட 2013-இல்தான், போலந்து ஆய்வாளர் டொமான்ஸ்கி பழைய பதிவேடுகளைத் தோண்டியபோது வெளியே வந்தன. 1809-இல் மொரே என்ற ஊரில் பிறந்த லூயி விக்டர் லெபோர்ன். நூற்றைம்பது வருடத்துக்கு மேல் அவர் வெறும் 'டான்'.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1864-இல் துரூசோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 'அஃபேசியா' என்ற சொல்லை நிலைநிறுத்தினார். 1874-இல் ஜெர்மனியில் வெர்னிக்கே, சரளமாகப் பேசியும் பொருள் இல்லாமல் போகிற இன்னொரு வகையை விளக்கினார். அப்போது அவருக்கு 26 வயது. அந்த வயதில் நான் லோங்காங் வரைந்துகொண்டிருந்தேன். எல்லாரும் மூளைக்கு வரைபடம் போட்டார்கள். எஞ்சினியராக எனக்கு அந்த வரைபடங்கள் பிடிக்கும். ஆனால் வரைபடம் போட்டவர்கள் யாரும் நோயாளி அடுத்த இருபது வருடம் யாரோடு பேசுவார் என்று கேட்கவில்லை.

வித்தியாசமாகக் கவனித்தவர் லண்டனில் இருந்த ஹியூலிங்ஸ் ஜாக்சன். பேச்சில் இரண்டு வகை உண்டு என்றார் அவர். புதிதாக ஒன்றைச் சொல்வதற்காக நாம் கட்டி எழுப்பும் பேச்சு ஒன்று. எண்ணிக்கை, வணக்கம், வசவு, பிரார்த்தனை மாதிரி தானாக ஓடும் பேச்சு இன்னொன்று. முதலாவது போனாலும் இரண்டாவது மிஞ்சலாம். அவருக்கு நூறு வருடத்துக்கு முன்பே, 1745-இல், ஓலோஃப் டாலின் என்ற ஸ்வீடன்காரர், பேச்சு முற்றாகப் போன ஒருவர் தேவாலயத்தில் துதிப்பாடல்களை மட்டும் தெளிவாகப் பாடுவதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். தண்ணீர் கேட்கத் தெரியாத தாத்தா வெள்ளிக்கிழமை கோயிலில் தேவாரத்தை முழுசாகப் பாடியபோது, பாட்டி அதை முருகன் செயல் என்றார். அத்தை, "அப்ப வீட்ல நடிக்கிறாரா?" என்றார். இரண்டு பேருக்கும் ஜாக்சனைத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது.

கூட்டமாக உட்காரவைக்கும் யோசனையைக் கொண்டுவந்தது போர். இரண்டாம் உலகப் போரில் தலையில் குண்டுபட்ட இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் திரும்பினார்கள். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆகவே அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் குழுவாக வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஆள் பற்றாக்குறையால் செய்த ஏற்பாடு அது. ஆனால் தன்னைப் போலவே சொல்லுக்குத் திணறும் இன்னொருவனை எதிரில் பார்ப்பதே ஒரு மருந்து என்பது அப்படித்தான் தெரியவந்தது.

இதற்கப்புறம் வருவதுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. 1965 பிப்ரவரியில் ஹாலிவுட் நடிகை பேட்ரிசியா நீலுக்கு ஸ்ட்ரோக். வயது 39, வயிற்றில் பிள்ளை. முந்தைய வருடம்தான் ஆஸ்கர் வாங்கியிருந்தார். மூன்று வாரம் நினைவில்லாமல் கிடந்து எழுந்தபோது பேச்சு இல்லை. அவர் கணவர் எழுத்தாளர் ரோல்ட் டால். நம்மில் பலர் பள்ளி நூலகத்தில் படித்த அதே ஆள்தான். அவர் மனைவியை இங்கிலாந்தில் கிரேட் மிசெண்டன் என்ற கிராமத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். பேச்சுப் பயிற்சி வாரத்துக்குச் சில மணி நேரம்தான் கிடைக்கும் என்ற நிலையில் அவர் செய்தது எளிமையானது. அக்கம்பக்கத்துக்காரர்களைக் கூப்பிட்டார். ஒருவர் போனதும் இன்னொருவர் என்று முறை வைத்து, நாள் முழுக்க யாராவது வந்து நீலோடு உட்கார்ந்தார்கள். வாசித்தார்கள், கணக்குப் போட வைத்தார்கள், டொமினோ ஆடினார்கள்.

டால் அதில் ஒரு சர்வாதிகாரி. மனைவி கேட்கும் பொருளின் பெயரைச் சொல்லும்வரை கொடுக்கமாட்டார் என்று பிறகு பலரும் குறை சொன்னார்கள். நீலும் தன் சுயசரிதையில் அந்தக் கசப்பை மறைக்கவில்லை. எனக்கும் அந்த முறை பிடிக்கவில்லை. பசிக்கிற மனுஷனிடம் 'சோறு' என்று சொல்லு, அப்பதான் தருவேன் என்பது என்ன வைத்தியம்? ஆனால் அந்த வீட்டுக்கு வந்துபோன அக்கம்பக்கத்தாரில் ஒரு பெண், வாலரி ஈட்டன் கிரிஃபித், அதை வேறு மாதிரி செய்தார். அவரும் மருத்துவம் படித்தவர் இல்லை. நீலுக்கு எதில் ஆர்வமோ அதிலிருந்து பேச்சைத் தொடங்கினார், விளையாட்டுகளைத் தானே கண்டுபிடித்தார், மாதக்கணக்கில் கூட இருந்தார். 1967-இல் நியூயார்க்கில் நீல் மேடையேறிப் பேசினார். 1968-இல் மறுபடி நடித்து, அதற்கு மறுபடி ஆஸ்கர் பரிந்துரை பெற்றார்.

நடிகை மீண்டதோடு கதை நின்றிருந்தால் அது சினிமாச் செய்தி. கிரிஃபித் நிறுத்தவில்லை. தான் செய்ததை 1970-இல் புத்தகமாக எழுதினார். 1973-இல் பிரிட்டனில் நெஞ்சு, இதய நோய்களுக்கான சங்கத்தின் ஆதரவில் தன்னார்வலர் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். அடுத்த வீட்டு அம்மா, ஓய்வுபெற்ற வாத்தியார் மாதிரி சாதாரண ஆட்கள், பேச்சிழந்தவரின் வீட்டுக்கு வாரா வாரம் போய் உட்காருவார்கள். வாரத்தில் ஒருநாள் எல்லாரும் ஒரு மண்டபத்தில் கூடுவார்கள். கோப்பி குடிப்பார்கள், சீட்டு ஆடுவார்கள். அவ்வளவுதான் திட்டம்.

1982-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஒரு பகுதி நோயாளிகளுக்குப் பயிற்சிபெற்ற ஸ்பீச் தெரபிஸ்ட், இன்னொரு பகுதிக்குப் பயிற்சியில்லாத தன்னார்வலர்கள். முடிவில் இரண்டு பகுதியிலும் முன்னேற்றம் இருந்தது, குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை. தெரபிஸ்டுகளுக்கு இது கசந்தது, நியாயம்தான். அவர்கள் வேண்டாம் என்று நான் இதை வாசிக்கவில்லை. எந்த வாசல் அடைபட்டிருக்கிறது, எது திறந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க அவர்கள்தான் வேண்டும். ஆனால் தெரபி முடிந்த மறுநாள் யார் வருவார்?

டொராண்டோவில் பேட் அராட்டோ என்ற பெண்மணி இதே கேள்வியில் மாட்டிக்கொண்டார். கணவருக்கு ஸ்ட்ரோக், அஃபேசியா. மருத்துவமனை தன் பங்கை முடித்துக்கொண்டது. 1979-இல் அவர் தொடங்கிய சிறிய மையம்தான் இன்று அஃபேசியா இன்ஸ்டிடியூட் என்று உலகம் முழுக்கத் தெரிகிறது. அங்கே வந்து சேர்ந்த ஆரா ககன் என்ற தெரபிஸ்ட் கேள்வியையே திருப்பிப் போட்டார். நோயாளிக்கு மட்டும் ஏன் பயிற்சி? அவரோடு பேசுகிறவருக்கல்லவா பயிற்சி வேண்டும்! சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டுவதுபோல உரையாடலுக்கும் ஒரு சாய்தளம் வேண்டும் என்றார்.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். சாய்தளம் வரைவது என் வேலை. 1:12 என்பது நாங்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் சரிவு, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். நம் நாட்டில் எம்.எஸ். 1184 என்ற தரநிலை இருக்கிறது, கட்டட விதிகளில் 34ஏ இருக்கிறது. சாய்தளம் இல்லாவிட்டால் பிளானைத் திருப்பி அனுப்புவார்கள். படி ஏற முடியாதவரிடம் போய், காலை இன்னும் கொஞ்சம் தூக்கப் பழகு என்று யாரும் சொல்வதில்லை. தாத்தாவிடம் நான் தினமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்: "நல்லா ட்ரை பண்ணுங்க தாத்தா."

ககனின் சாய்தளம் செலவில்லாதது. ஒரு தாள், தடித்த மார்க்கர் பேனா. பேசும் விஷயத்தின் முக்கியச் சொல்லைப் பெரிதாக எழுதிக் காட்டுவது. 'ஆமாம்', 'இல்லை', கூடவே ஒரு கேள்விக்குறி. படம், நாள்காட்டி, ஊர் வரைபடம். ஒரு நேரத்தில் ஒரே விஷயம். பிறகு காத்திருப்பது. கடைசியில் நாம் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லி, சரியா என்று கேட்பது. குழந்தையிடம் பேசும் குரல் கூடாது. இதற்கெல்லாம் அடியில், உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும் என்று அவருக்கு உணர்த்துவது. 2001-இல் வெளியான ஆய்வில் 40 தன்னார்வலர்களில் 20 பேருக்கு இந்தப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் நன்றாகப் பேசினார்கள், அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அவர்களோடு பேசிய, எந்தப் பயிற்சியும் பெறாத அஃபேசியாக்காரர்களும் முன்னைவிட நன்றாகத் தங்களை வெளிப்படுத்தினார்கள்.

பக்கத்து வீட்டார், மனைவி என்று சொல்லிவருகிறேன். பேச்சிழந்தவர்களே இந்த வரலாற்றில் எங்கே? இருக்கிறார்கள். பிரிட்டனில் டயானா லா என்ற பெண், தனக்கே அஃபேசியா இருந்தும், 1980-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். பின்னாளில் அது ஸ்பீக்கபிலிட்டி என்று பெயர் மாறியது, சுயஉதவிக் குழுக்களை ஊர் ஊராக வளர்த்தது. கூட்டத்தை நடத்துவது, கணக்குப் பார்ப்பது, யார் அடுத்துப் பேசுவது என்று தீர்மானிப்பது எல்லாம் அஃபேசியா உள்ளவர்கள் கையில் இருக்கலாம் என்று அந்தக் குழுக்கள் காட்டின. கோயில் கமிட்டியில் முப்பது வருடம் மினிட்ஸ் எழுதிய மனுஷனுக்கு இதன் அர்த்தம் புரியும்.

நம் பக்கம் வருவோம். மலாய்க்காரர்கள் ஸ்ட்ரோக்கை 'அங்கின் அஹ்மார்', சிவப்புக் காற்று, என்பார்கள். நாம் வாதம் அடித்துவிட்டது என்கிறோம். இரண்டு பெயரிலும் காற்றுதான் இருக்கிறது, பேச்சு இல்லை. இந்த நாட்டில் பேச்சுப் பயிற்சிக்கான பட்டப்படிப்பே 1995-இல்தான், யூ.கே.எம்.-இல் தொடங்கியது. அதற்கு முன் வெளிநாட்டில் படித்து வந்தவர்கள்தான். 1996-இல், தானே ஸ்ட்ரோக்கிலிருந்து மீண்ட ஜேனட் யோ, நாசாம் என்கிற தேசிய ஸ்ட்ரோக் சங்கத்தை நிறுவினார். பாதிக்கப்பட்டவர்தான் இங்கேயும் முதலில் கதவைத் திறந்தார். சிங்கப்பூரில் அஃபேசியா எஸ்ஜி என்ற அமைப்பு 'சிட் சாட் கஃபே' என்று சந்திப்புகள் நடத்துகிறது. பாடகர் குழுவும் வைத்திருக்கிறார்கள். டாலின் 1745-இல் பார்த்த அதே விஷயம், இப்போது ஒரு கூட்டமாக.

நமக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. பல மொழிக்காரருக்கு அஃபேசியா வந்தால் எந்த மொழி முதலில் திரும்பும்? முதலில் கற்ற மொழி என்றார் ரிபோ, 1881-இல். அதிகம் புழங்கிய மொழி என்றார் பித்ர், 1895-இல். இருவருக்கும் ஆதரவான நோயாளிகள் உண்டு, எதிரானவர்களும் உண்டு. தாத்தா வீட்டில் தமிழ், பசாரில் மலாய், துரையிடம் கொஞ்சம் இங்கிலீஷ் என்று வாழ்ந்தவர். அவருக்குக் கிடைத்த தெரபிஸ்ட் நல்ல மலாய்ப் பெண். 'பக்சிக்' என்று அன்பாகக் கூப்பிட்டு மலாய்ப் பட அட்டைகளைக் காட்டுவார். தாத்தாவும் சிரிப்பார். ஆனால் மகள் கல்யாணத்தைப் பற்றி, செத்துப்போன தம்பியைப் பற்றி அவர் மலாயில் எப்படிச் சொல்வார்? தமிழில் உட்காரும் ஒரு மேசை எங்கள் ஊரில் இல்லை.

ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்கினேன். முதல் பக்கத்தில் ஆமாம், இல்லை, கேள்விக்குறி. அடுத்த பக்கத்தில் பானங்கள். கோப்பிக்கடையில் அதைத் திறந்து வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். தாத்தா ரொம்ப நேரம் பார்த்தார். தே தாரிக் படத்தில் விரலை வைத்தார். நான் "கோப்பி ஓ?" என்று எழுதிக் காட்டினேன். 'இல்லை' மேல் இரண்டு முறை தட்டினார். ஏழு மாதமாக அவருக்குப் பிடிக்காததைக் குடிக்க வைத்திருக்கிறேன். தவுக்கே அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். டாக்டர் சர்க்கரை வேண்டாம் என்றதை எழுதிக் காட்டினேன். தாத்தா யோசித்து, ஒரு விரலைப் பாதி மடக்கிக் காட்டினார். அரை கிளாஸ் என்று முடிவானது.

நோட்டுப் புத்தகத்தைப் பார்க்க வந்தவர்களில் பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் உட்கார ஆரம்பித்தார்கள். "இடையில பேசாதீங்க, காத்திருங்க" என்று அவர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவருக்குப் பழக ஒரு மாதம் ஆனது. இன்னொருவருக்கு இன்னும் பழகவில்லை, ஆனாலும் வருகிறார்.

போன மாதம் தோட்டத்தைக் கம்பெனிக்காரன் விற்ற வருடம் எது என்று அவர்களுக்குள் சண்டை. ஒருவர் 95 என்றார், இன்னொருவர் 99 என்று அடித்துச் சொன்னார். தாத்தா மேசையைத் தட்டினார். இடது கையில் ஐந்து விரல், பிறகு நாலு. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி ஐந்து, பிறகு இரண்டு.

"தொண்ணூத்தேழா?" என்றார் கூட்டாளி. "இல்ல மண்டோரே, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, தொண்ணூத்தொம்பது."

தாத்தா அவரைப் பார்த்து அந்தக் கெட்ட வார்த்தையைச் சொன்னார். வீட்டுக்கு வந்து தாத்தாவின் பழைய ஃபைலில் தேடினேன். தோட்டத்திலிருந்து வந்த கணக்கு முடித்த கடிதம் இருந்தது. ஆகஸ்ட் 1997.